லிரிக்ஸ்: 'பாடல் வரிகள்' சரியான தமிழா?

கிரேக்கத்தில் 'லைரா' என்றொரு நரம்புக்கருவி. ஆமையோட்டில் பெரும்பாலும் ஏழு நரம்பு கட்டியிருக்கும். நம் யாழுக்கு உறவு என்று சொல்லலாம். அதை மீட்டிப் பாடிய பாட்டுதான் 'லிரிக்'. சாப்போ, பிண்டார் என்ற கிரேக்கக் கவிஞர்கள் பாடியவற்றில் இசை மறைந்தது, சொல் மட்டும் தங்கியது. பிற்காலத்தில், இசையே இல்லாமல் ஒருவர் தம் மனத்தைச் சொல்லும் சிறுகவிதையும் அப்பெயரைப் பெற்றது. 2016-இல் அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்தபோது 'பாட்டு கவிதையாகுமா?' என்று கேட்டவர்கள், சொல்லின் பிறப்பைத் தலைகீழாகப் பிடித்தவர்கள்.

ஆங்கிலத்தில் ஒருமை அந்தச் சிறுகவிதையையும், பன்மை பாட்டின் சொற்களையும் குறிக்கும். தமிழில் முன்னதைத் தன்னுணர்ச்சிப் பாடல் என்பர் திறனாய்வாளர்கள். பின்னது பாடல் வரிகள்.

'வரி' என்றால் எழுத்து வரிசைதானே, பாட்டை அப்படிச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவர். தயக்கம் வேண்டாம். சிலப்பதிகாரத்தில் வரி என்பதே இசைப்பாட்டுதான்: கானல்வரி, வேட்டுவ வரி; கானல்வரிக்குள்ளேயே ஆற்றுவரி, முரிவரி, சாயல்வரி. இசைப்பாட்டுக்கு அதற்கும் முந்தைய சொல் பண்ணத்தி. 'பாட்டிடைக் கலந்த பொருள வாகிப் பாட்டின் இயல பண்ணத்தி இயல்பே' என்று தொல்காப்பியச் செய்யுளியல் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அழகான சொல், ஆனால் இன்று வழக்கில் இல்லை. புழங்குகிற 'வரி'யே போதும்.

பாடல் வரிக்கும் தாளில் படிக்கும் கவிதைக்கும் உள்ள வேறுபாடு மெட்டில் தெரியும். இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரமாகத் தருகிறார்: 'தானா தனனா'. 'வானே நிலவே' அதில் அப்படியே உட்காரும். நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில். வானுக்குப் பதில் 'விண்ணே' போட்டால் பொருள் அதேதான். ஆனால் 'தா'வின் நீளத்துக்குப் பாடகர் 'வி'யை இழுப்பார். காதில் விழுவது 'வீணே'. 'விண்ணே' வேண்டுமானால் மெட்டு 'தன்னா' என்று இருக்க வேண்டும்.

நீண்ட சுரத்தில் முடியும் வரிக்கு இன்னொரு சிக்கல். ஆ, ஏ, ஓ தாராளமாக நீளும். க், ட், ப் போன்ற வல்லின ஒற்றில் குரல் நின்றுவிடும். 'காற்று', 'பாட்டு' என்று குறுகி ஒலிக்கும் உகரத்தை, அதாவது குற்றியலுகரத்தை, இழுத்தால் 'காற்றூ', 'பாட்டூ' என்று இளிக்கும். அதனால்தான் 'காற்றே', 'பாட்டிலே' என்று ஏகாரத்தில் முடிக்கிறார்கள். ஏகாரம் மலிந்த பாட்டைக் கண்டு சிரிக்குமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூச்சு விடும் இடமும் வரிக்குள் அடங்கும். 'தாமரை' நடுவில் மெட்டு நின்றால், 'தா' ஒருபக்கமும் 'மரை' என்னும் மான் இன்னொரு பக்கமும் போய்விடும். சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை யாப்பு வகையுளி என்று ஏற்றுக்கொள்கிறது. ஏட்டில் கண் அதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளும். காது சேர்க்காது.