மண்ணுக்குள் இறங்கும் பச்சைக் கம்பி

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஒரு வீட்டின் பின்புறம் சென்று பார்த்தால், மெயின் சுவிச் பெட்டியிலிருந்து பச்சை நிற வயர் ஒன்று சுவரோடு இறங்கி மணலுக்குள் மறைவதைக் காணலாம். பேச்சில் ஏர்த் வயர் என்றும் பாடநூலில் புவிக்கம்பி என்றும் சொல்லப்படுவது இதுதான். இது எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்குப் பலரும் மின்னோட்டத்தை வைத்தே விடை தேடுகிறார்கள். திருகோணமலை போன்ற கடலோர ஊரில், மண்ணுக்குள் போகும் பகுதியைப் பொறுத்தவரை, மண்ணையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

நமது வீடுகளுக்கு மின்கம்பத்திலிருந்து பொதுவாக உயிர்க்கம்பியும் நொதுமல் (நியூட்ரல்) கம்பியும் மட்டுமே வருகின்றன. புவித்தொடுப்பை, அதாவது மண்ணில் அறையும் உலோகக் கோலையும் அதோடு இணையும் புவிக்கம்பியையும், வீட்டுக்காரர் தமது காணியிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, குளிர்சாதனப் பெட்டியின் உலோக உடலில் உயிர்க்கம்பி பட்டுவிட்டால், கசியும் மின்னோட்டம் மண்ணின் வழியாகவே மின்மாற்றிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 16 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மீற்றர் நீளமும் கொண்ட செப்புக்கோல் ஒன்றை 100 ஓம் மீற்றர் தடைத்திறனுள்ள மண்ணில் அறைந்தால், அதன் தடை ஏறத்தாழ 72 ஓமாக இருக்கும். 230 வோல்ற்றை இதனால் வகுத்தால் கிடைப்பது 3.2 அம்பியர், அதாவது ஒரு மின்னழுத்தி எடுக்கும் அளவு. 32 அம்பியர் பிறேக்கர் இதை ஒரு தவறாகவே உணராது.

அதை உணர்வது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச். உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டமும் நொதுமலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. புவிக்கம்பி நல்ல நிலையில் இருந்தால், கசிவு தொடங்கும்போதே, யாரும் அந்தப் பெட்டியைத் தொடுமுன்னரே சுவிச் விழுந்துவிடும். கம்பி அறுந்திருந்தால், கசிவுக்கு வழியாக அமைவது கைவைத்தவரின் உடலே. ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தான் புவிக்கம்பியைச் சோதிப்பதில்லை. கம்பி மண்ணுக்குள் அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் சுவிச் விழும். இதை அறியாமல் ஏமாந்திருப்பவர்கள் பலர்.

வீட்டுக்குள் அளவு தீர்மானிப்பது எளிது. இங்கு பின்பற்றப்படும் பிரித்தானிய வயரிங் விதிமுறையான பீ.எஸ். 7671 இன்படி, உயிர்க்கம்பியின் குறுக்குவெட்டு 16 சதுர மில்லிமீற்றர் வரை இருந்தால் புவிக்கம்பியும் அதே அளவு. 16 இலிருந்து 35 வரை என்றால் 16. அதற்கு மேல் பாதி. மண்வழி ஓடுவது மூன்று அம்பியர்தானே, மெல்லிய கம்பி போதாதா என்று கேட்கலாம். வீட்டில் எங்காவது நொதுமல் கம்பி தவறுதலாகப் புவிக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அடுத்து ஏற்படும் கசிவு மண்ணுக்குப் போகாது. அது முழுக் குறுஞ்சுற்றாக மாறிப் பச்சைக் கம்பியில் நூற்றுக்கணக்கான அம்பியரை ஓட்டும். 500 அம்பியர் 0.1 செக்கன் ஓடினால், கேபிளுக்குள் உள்ள பீ.வீ.சீ. உறையிட்ட செப்புக்கம்பி அந்த வெப்பத்தைத் தாங்க ஏறத்தாழ 1.4 சதுர மில்லிமீற்றர் வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி அதைத் தாராளமாகத் தாங்கும்.

மண்ணுக்குள் இறங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. அரிப்புக்கோ அடிபடுவதற்கோ காப்பில்லாமல் வெற்றுச் செப்பைப் புதைத்தால் குறைந்தது 25 சதுர மில்லிமீற்றர் வேண்டும். அரிப்பைத் தடுக்கும் உறை இருந்து, மண்வெட்டிக்குக் காப்பில்லாவிட்டால் 16. இரண்டு காப்பும் இருந்தால் மட்டுமே வீட்டுக்குள் உள்ள அளவுக்குக் குறைக்கலாம். மூன்று அம்பியரைச் சுமக்க இத்தனை தடிப்புத் தேவையில்லை. உப்பு தின்றும் பல ஆண்டுகள் மிச்சமிருக்கவே அது தேவைப்படுகிறது.

உவர்நீர் ஊறும் மணலில் தடை குறையும், அரிப்புக் கூடும். நாகம் பூசிய பழைய இரும்புக் குழாயைக் கோலாகப் பயன்படுத்தி அதில் செப்புக்கம்பியை முறுக்கிக் கட்டும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஈர உப்பில் அந்த இரு உலோகங்களும் ஒரு மின்கலமாகி, முதலில் நாகமும் பின்னர் இரும்பும் கரைந்துபோகும். குழியில் உப்புக் கொட்டித் தடையைக் குறைப்பதும் இதே அழிவையே விரைவுபடுத்தும். செப்புக்கோலில் பித்தளைக் கிளாம்ப் இட்டு இறுக்கி, இணைப்பின் மேல் கிறீஸ் பூசி, அதை மண்ணில் புதைத்து மறைக்காமல் மூடியுள்ள சிறு சீமெந்துக் குழிக்குள் வைத்து, சுவரிலிருந்து குழி வரை கம்பியைப் பீ.வீ.சீ. குழாய்க்குள் கொண்டுசெல்வதே நின்று பயன்தரும்.

தடையை எப்போது அளப்பது என்பதும் முக்கியம். மாரி மழையில் நனைந்த மண் காட்டும் அளவு ஆடியில் நிற்காது. கச்சான் காற்றில் மேல்மணல் காய்ந்து தடைத்திறன் 1000 ஓம் மீற்றரை எட்டினால், அதே 1.2 மீற்றர் கோலின் தடை 700 ஓமைத் தாண்டும். 30 மில்லி அம்பியர் சுவிச் அப்போதும் விழும். ஆனால் 200 ஓமுக்கு மேற்பட்ட தடை நம்பத்தக்க நிலையில் நீடிக்காது. கோலை 2.4 மீற்றராக நீட்டி ஈரமண்ணைத் தொடவைப்பது முதல் வழி. பாறை தடுத்தால், முதற்கோலின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் இன்னொரு கோலை அறைந்து இரண்டையும் இணைக்கலாம். வேலை முடிந்த பின்னரும் அளவை ஆடி, ஆவணியில் ஒருமுறை எடுத்து, அந்த எண்ணை மெயின் சுவிச் பெட்டியின் மூடிக்குள் திகதியுடன் எழுதி ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு அளப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் இருக்கும்.