பழைய மாடல் ரயில் எஞ்சின் ஓடவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"மோட்டார் போயிடுச்சு, புதுசு போட்டுக் குடுங்க." மாடல் ரயில் எஞ்சினோடு கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் பல எஞ்சின்களில் மோட்டார் நன்றாகவே இருக்கும். அழுக்கு, இறுகிப்போன கிரீஸ், தேய்ந்த கார்பன் (மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் சின்னக் கரித்துண்டு) என்று வேறு ஏதாவது காரணம் கிடைக்கும். நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொருந்தாத ஒன்றைத் திணிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் சின்ன மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மிக்ஸி, தையல் மெஷின் நடுவே இந்த எஞ்சின்களும் வரும். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) வீடுகள், பிரான்சில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களின் வீடுகள், இங்கெல்லாம் பரண்மேல் ஒரு ரயில் பெட்டி இருப்பது அதிசயமில்லை. பிரான்சின் ழூவெஃப், ஜெர்மனியின் மார்க்லின், இத்தாலியின் லீமா, இங்கிலாந்தின் டிரையாங், ஹார்ன்பி எல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. பேரப்பிள்ளை லீவுக்கு வந்ததும் பெட்டியை இறக்குகிறார்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எஞ்சினுக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பிரான்சில் ஒரு காலத்தில் பல வீடுகளுக்கு 110 அல்லது 127 வோல்ட் மின்சாரம்தான் வந்தது. அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர்களில் 110, 220 என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்ன திருகோ சுவிட்சோ இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது, 110 மட்டும்தான். அதை நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும். அந்த மெல்லிய இரண்டு முள் பிளக்கின் முள் 4 மில்லிமீட்டர். நம் சாக்கெட்டின் துளை 5 மில்லிமீட்டர் முள்ளுக்கானது. லூசாக உட்கார்ந்து பொறி பறக்கும். ஒயரின் ரப்பர் உறை வெடித்திருந்தாலோ, பெட்டி தகரமாக இருந்தாலோ, அதைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு முத்திரையுள்ள 12 வோல்ட் டி.சி. அடாப்டர் ஒன்றும், அதற்கு ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும்.

ஆனால் மார்க்லினுக்கு இந்த யோசனை பொருந்தாது. அந்தக் கம்பெனியின் பழைய எஞ்சின்கள் ஏ.சி.யில் ஓடுபவை. 16 வோல்ட் வரை வேகத்துக்கு, 24 வோல்ட் ஒரு கணம் கொடுத்தால் திசை மாறும். அவற்றின் மோட்டாரில் நிலைக்காந்தத்துக்குப் பதில் காயில் இருக்கும். ழூவெஃப், லீமா, ஹார்ன்பி எஞ்சின்கள் நிலைக்காந்தம் வைத்த 12 வோல்ட் டி.சி. மோட்டாரில் ஓடுபவை. மார்க்லின் பெட்டியில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரை இந்த எஞ்சின்களுக்குக் கொடுத்தால் நகராது, உறுமும், சூடேறும், கடைசியில் காயில் கருகும். உண்மையாகவே செத்துப்போய் என்னிடம் வரும் மோட்டார்களில் இப்படி மாற்றிக் கொடுத்ததால் போனவை நிறைய.

சரி, மின்சாரம் சரியாக இருக்கிறது, எஞ்சின் ஓடவில்லை. உடம்பைக் கழற்றிவிட்டு, கார்பன் உட்காரும் இரண்டு இடத்திலும் 9 வோல்ட் பேட்டரியின் ஒயரை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். சுழன்றால் மோட்டாருக்கு ஒன்றுமில்லை. சக்கரத்திலோ, சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பித்தளைத் தகட்டிலோ கோளாறு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றால் அந்தத் தகடு பச்சைக் களிம்பு பிடித்து மின்சாரத்தை விடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் பாதி எஞ்சின்கள் அப்போதே கிளம்பிவிடும். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். உடம்பின் பிளாஸ்டிக்கை அவை கரைத்துவிடும்.

மோட்டார் சுழல்கிறது, சக்கரம் அசையவில்லை என்றால் நைலான் பல்சக்கரம் அச்சில் விரிசல் விட்டிருக்கும். மோட்டாரே சுழலாவிட்டால் அதன் மேல் குறுக்காகப் போட்ட சின்ன கெப்பாசிட்டரைப் பாருங்கள். டி.வி.யில் கோடு விழாமலிருக்கப் போட்டது அது. பழசாகி உள்ளே ஷார்ட் ஆனால் மோட்டார் செத்த மாதிரியே தெரியும். ஒரு காலை எடுத்துவிட்டுச் சோதித்தால் போதும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா பிஸ்கட் டப்பாவில் எஞ்சினை வைத்துக் கொண்டுவந்தார். "தேங்காய் எண்ணெய் நிறைய விட்டேன் தம்பி, அப்பவும் ஓடல." தேங்காய் எண்ணெய் இந்த மோட்டாருக்கு ஆகாது. அதோடு கார்பன் தூளும் சேர்ந்தால் கறுப்புக் களியாகிக் கார்பன் உரசும் செப்பு வளையமான காமுடேட்டரின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். மின்தடை அளக்கும் மீட்டரைக் காமுடேட்டரில் வைத்தால் மூன்று பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டியது. காயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்ட அதுவே போதும் போலத்தான் தோன்றும். பல்குத்தும் குச்சியின் முனையைச் சீவி, செப்புத் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடுக்கு ஒவ்வொன்றிலும் மெல்ல இழுத்தேன். களி திரண்டு வெளியே வந்தது. ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி மீட்டரை வைத்தால் மூன்று இடத்திலும் ஒரே அளவு. ஊறிப்போன கார்பனை மட்டும் மாற்றினேன். அந்த மோட்டார் இன்னும் பல வருஷம் ஓடும். எண்ணெய் தேவைப்படுவது அச்சு சுழலும் இரண்டு புஷ்ஷுக்கு மட்டும்தான். ஊசிமுனையில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தாராளம். காமுடேட்டரில் படவே கூடாது.

இந்த மீட்டர் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மோட்டார் பிழைக்குமா என்பதை இதுதான் சொல்லும். மூன்று காயில் உள்ள ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்), காமுடேட்டரின் இரண்டிரண்டு துண்டுகளாகத் தொட்டு ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் காயில் நலம். இரண்டு ஒன்றாகவும் மூன்றாவது அதைப்போல் இரட்டிப்பாகவும் இருந்தால் ஒரு காயில் அறுந்திருக்கிறது. இப்படிப்பட்ட எஞ்சின் ஒரு குறிப்பிட்ட நிலையில் நின்றுவிடும், விரலால் தள்ளினால் கிளம்பும். உடனே மனம் தளர வேண்டாம். முடி போன்ற அந்தக் கம்பி பெரும்பாலும் காமுடேட்டர் முனையில், சால்டர் வைத்த இடத்திலேயே விட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து, எனாமலைச் சுரண்டி, ஒரு பொட்டு சால்டர் வைத்தால் தீர்ந்தது. துண்டுக்கும் நடு அச்சுக்கும் இடையே மீட்டர் ஏதாவது காட்டினால்தான் உண்மையான சிக்கல். அப்போது காயில் கட்ட வேண்டும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்கள் நம் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொறுமையுள்ளவர் கிடைத்தால் இதையும் கட்டிவிடுவார். அதே தடிமன் கம்பி, மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கைச் சுற்று, ஒரே திசை என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

டிரையாங்கின் எக்ஸ்-04 போன்ற திறந்த மோட்டார் என்றால் இரண்டு எச்சரிக்கை. கார்பனை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு கையில் மட்டும் சின்ன உறை மாட்டியிருக்கும். குப்பை என்று நினைத்து அதை எறிந்துவிட்டால் மின்சாரம் நேராக எஞ்சினின் உலோகச் சட்டத்துக்கே போய் ஷார்ட் ஆகும். அடுத்தது காந்தம். பழைய அல்நிகோ காந்தம் ஆர்மேச்சரை உருவியதும் வலு இழக்கும். உருவும்போதே காந்த முனைகளுக்குக் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை நகர்த்தி வையுங்கள். வலு போன மோட்டார் வேகமாகச் சுழலும், அதிக ஆம்பியர் இழுக்கும், கைபடச் சுடும், ஆனால் இரண்டு பெட்டியைக்கூட இழுக்காது. அப்போதும் மோட்டாரை எறியாதீர்கள். அந்த இடத்தில் நியோடிமியம் காந்தம் பொருத்தலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உடைந்த டி.வி.டி. பிளேயரை வாங்கி அதிலிருக்கும் மோட்டாரை லீமா எஞ்சினில் பொருத்துபவர்கள் உண்டு. நன்றாகவே ஓடும், ஆனால் இப்படிப்பட்ட பல மோட்டார்கள் 6 வோல்ட் சுமாருக்குச் செய்யப்பட்டவை. 12 வோல்ட் நேராகக் கொடுக்காமல் தொடரில் ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். புது மோட்டார் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. அச்சின் விட்டம் 1.5 மில்லிமீட்டரா, 2 மில்லிமீட்டரா, பழைய பல்சக்கரம் அதில் ஏறுமா, அச்சைப் பிடித்து நிறுத்தினால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அதை உங்கள் கன்ட்ரோலர் தாங்குமா, எல்லாம் பார்க்க வேண்டும். டி.சி.சி. டிகோடர் (டிஜிட்டல் முறையில் எஞ்சினை இயக்கும் சின்ன சர்க்யூட்) வைப்பதாக இருந்தால் இரண்டு கார்பனில் எதுவுமே சட்டத்தைத் தொடக் கூடாது. தொட்டால் டிகோடர் அந்த நிமிஷமே போய்விடும்.

புது மோட்டார் வாங்கும் முன் சட்டத்தையும் உற்றுப் பாருங்கள். பழைய துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால், பல வருஷம் கழித்துச் சட்டம் தானாகவே உப்பி, வெடித்து, மோட்டாரை நெருக்கும். கோணியிருந்தால் எந்த மோட்டார் போட்டும் பயனில்லை. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு மோட்டார் மாற்றும் கூலியை நான் வாங்குவதில்லை.

பொருத்தும்போது மோட்டார் அச்சிலுள்ள திருகு போன்ற வார்ம் கியருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் துண்டைக் கொடுத்து, மோட்டாரை இறுக்கிவிட்டுத் தாளை உருவுங்கள். அந்த இடைவெளிதான் சரி. அப்புறம் பெட்டி எதுவும் மாட்டாமல் பாதி வேகத்தில் முன்னும் பின்னும் அரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். புதுக் கார்பன் காமுடேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து உட்கார அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுநடுவே நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைக்க முடியாமல் சுட்டால் பல்சக்கரம் இறுகியிருக்கிறது, கழற்றி மறுபடி தாளை வைத்துப் பொருத்துங்கள். எடுத்த பழைய மோட்டாரை ஒரு கவரில் போட்டு, எந்த எஞ்சினுடையது என்று எழுதி, அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். பின்னால் யாராவது காயில் கட்டி அதையே திரும்பப் போட நினைக்கலாம்.