அக்கி தோலில் குடியிருக்கவில்லை

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா சென்ற வாரம் என்னிடம் வந்தார். முதுகின் இடப்புறம் தொடங்கி விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை பூசியிருந்த காவி காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு இடையே கொப்புளங்கள் சீழ் கோத்திருந்தன. புடவைத் தலைப்பு பட்டாலே துடித்துப்போகிறார். அக்கி தோன்றி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. மூன்று முறை அக்கி எழுதியும் எரிச்சல் அடங்காததால்தான் வீட்டார் மருத்துவரைத் தேடியிருக்கிறார்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை நன்கு பலன் தரக்கூடிய முதல் 72 மணி நேரம் என்றோ கடந்துவிட்டது. இதே நிலையில் வருபவர்களைத் தொடர்ந்து பார்த்துப் பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன்.

உடல் சூட்டாலோ பூச்சிக்கடியாலோ தோலில் பிறக்கும் நோய் என்றே அக்கியைப் பலரும் எண்ணுகிறார்கள். தோல் அந்த நோய் வெளிப்படும் இடம் மட்டுமே. நரம்பு செல்களின் உடல்கள் எல்லாமே மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும்தான் இருக்கின்றன என்று படித்தவர்களும் நினைப்பதுண்டு. கைகால் தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு அது பொருந்தும். அவற்றின் செல் உடல்கள் தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியில் உள்ளன. ஆனால் தொடுதலையும் வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்புகளின் செல் உடல்கள் தண்டுவடத்துக்கு வெளியே, அடுத்தடுத்த முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள துளைகளில், சிறு முடிச்சுகளாகத் திரண்டிருக்கின்றன. அங்குள்ள ஒவ்வொரு செல்லின் இழையும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தோலுக்கும் மற்றொன்று தண்டுவடத்துக்கும் செல்கிறது. முகத்துக்கான முடிச்சு மண்டையோட்டுக்குள், மூளைக்கு வெளியே இருக்கிறது.

சிறுவயதில் சின்னம்மை கண்டபோது உடலில் புகுந்த வைரஸ் இந்த முடிச்சுகளில்தான் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ, புற்றுநோய் சிகிச்சையாலோ, நீண்ட காலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டாலோ எதிர்ப்புத் திறன் தளரும்போது அது விழித்து, நரம்பிழை வழியே தோலுக்கு இறங்குகிறது. 1900ஆம் ஆண்டிலேயே ஹென்றி ஹெட், கேம்பெல் என்ற இரு மருத்துவர்கள் அக்கி கண்டு இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, இந்த முடிச்சுகளில் ஏற்பட்டிருந்த சிதைவைக் காட்டினார்கள். கொப்புளத்துக்குச் சில நாட்கள் முன்பே வலி தொடங்குவதும் இதனால்தான். அந்த நாட்களில் மாரடைப்போ என்று அஞ்சி இசிஜி எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. நெஞ்சு வலிக்கு அப்படி எடுத்துப் பார்ப்பது சரியே.

அக்கியின் இரு முனைகளும் உடலைச் சுற்றிச் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும் என்ற அச்சத்தை என்னால் இன்னும் ஒழிக்க முடியவில்லை. ஒரு முடிச்சு உடலின் ஒரு பக்கத்தில், பட்டை போன்ற ஒரு பகுதிக்கு மட்டுமே உணர்வு தருகிறது. ஆகவே அக்கி பொதுவாக உடலின் நடுக்கோட்டோடு நின்றுவிடும். அதை நிறுத்துவது காவிக் கோடு அன்று, நரம்பின் எல்லை. கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே உலர்ந்து உதிர்பவை. அந்தப் பெருமையும் காவிக்கே போய்ச் சேருகிறது. காவி முடிச்சுக்குள் நுழைவதில்லை, அங்கே பெருகும் வைரஸைத் தொடுவதுமில்லை. முடிச்சிலும் நரம்பிலும் ஏற்படும் சேதமே, தோல் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வலியாக நீடிக்கிறது.

ஒரு பக்கமாக எரிச்சலுடன் கொப்புளம் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பார்வையே பறிபோகலாம். காதில் கொப்புளத்தோடு வாய் கோணினாலும், உடலெங்கும் கொப்புளம் பரவினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை அவற்றைத் துணியால் மூடி வையுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் நெருங்க விடாதீர்கள், அந்த நீர் பட்டு அவர்களுக்குச் சின்னம்மை வரக்கூடும்.

அக்கி எழுதும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்களை நம்பித்தான் மக்கள் முதலில் வருகிறார்கள். தயவுசெய்து கொப்புளத்தின் மேல் எதையும் பூசாமல், அன்றைக்கே அவர்களை மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு தவணைகளாகப் போடும் தடுப்பூசி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை அதிகம்தான், இருந்தாலும் முன்பு அக்கி வந்தவர்கள் உட்பட, இயன்றவர்கள் அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.