நிக்காத வண்டியெல்லாம் எதிரி வண்டி இல்ல தம்பி

போன வாரம் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைல டீ குடிச்சிக்கினு இருந்தேன், லீவுல வந்த ஒரு ஆர்மி தம்பி காஷ்மீர் கதை சொல்றான். 'நாகா'ன்னு சொல்ற செக்போஸ்ட்ல கை காட்டியும் நிக்காத கார் மேல ரைஃபிள நீட்டினானாம், பாத்தா உள்ள பிரசவ வலியில ஒரு பொண்ணு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க, எனக்கு டீ இறங்கல. ஆர்மில 24 வருஷம் சர்வீஸ் போட்டவன் நான், இதே கதைய எத்தனை பசங்க வாயால கேக்கறது?

நிக்கலன்னா தீவிரவாதின்னு யாருப்பா சொல்லிக் குடுத்தது? நம்ம கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்ல ஒரு மணி நேரம் நின்னு பாரு. போலீஸ் கை காட்டினா எத்தனை பைக்கு முறுக்கிக்கினு பறக்குது, ஒருத்தனுக்கு லைசென்ஸ் இல்ல, ஒருத்தன் சரக்கு அடிச்சிருப்பான், ஒருத்தன் காதுல ஹெட்செட்டு, ஒருத்தனுக்கு காக்கிய பாத்தாலே உதறல். அவனையெல்லாம் சுடுவியா? அங்கயும் மனுஷன்தான் ஓட்டறான், அதுக்கு மேல பனி, ஐஸ் ரோட்ல பிரேக் போட்டாலும் வழுக்கிக்கினுதான் வரும், நீ கைய ஆட்டறது 'போ'ன்னா 'நில்லு'ன்னான்னே அவனுக்கு புரியாது.

2014 நவம்பர்ல காஷ்மீர் பட்காம்ல நிக்காத கார்னு சுட்டதுல ரெண்டு சின்னப் பசங்க செத்தாங்க, தப்பு எங்க மேலதான்னு ஆர்மியே ஒத்துக்கிச்சு. ஆர்மிக்கு தனி அதிகாரம் குடுக்கற ஆஃப்ஸ்பா சட்டம் இருக்கே சார்ங்கறான் தம்பி. அந்த சட்டத்துலயே சுடறதுக்கு முன்னாடி எச்சரிக்கணும்னு இருக்குடா. செய்யக்கூடாததுன்னு ஆர்மி போட்ட லிஸ்ட்ட கட்டாயம் மதிக்கணும்னு 1997லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

செக்போஸ்ட் போட்டா போர்டு, டிரம்மு எல்லாம் தூரத்துலயே தெரியற மாதிரி வை. ஒருத்தன் மட்டும் பேசு, மத்தவன் பாதுகாப்புக்கு கவர் குடுத்தா போதும், நாலு பேரு நாலு பக்கம் கத்தினா அவன் யார் சொல்றத கேப்பான்? இந்தில 'தூ'ன்னா நம்ம ஊர் 'டேய்', பெரியவங்கள 'ஆப்'னு, அதாவது 'நீங்க'ன்னு கூப்பிடு. பொம்பளைங்கள பொம்பள போலீஸ் வந்து செக் பண்ணட்டும், லேட்டானா ஆகட்டும். ஐடி கார்ட வாங்கினா கையில திருப்பிக் குடு, சீட்ல வீசாத.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. காஷ்மீர்ல என் மொத குளிர்ல ஒரு பெரியவர்கிட்ட 'ஹாத் ஊபர்', கைய தூக்குன்னு கத்தினேன், கை ஃபெரன்ங்கற நீள அங்கிக்குள்ளயே இருக்கு, தூக்கவே மாட்டேங்கறாரு, என் விரல் ட்ரிகர்கிட்ட போயிடுச்சு. உள்ள காங்ரி, நெருப்பு சட்டி, விட்டா தொடை வெந்துடும். மெதுவா குனிஞ்சு அத கீழ வெச்சிட்டு அப்புறம்தான் கைய தூக்கினாரு.

அந்த பொண்ணு கார எவ்ளோ நேரம் நிறுத்தி வெச்சன்னு தம்பிய கேட்டேன். ஞாபகம் இல்லையாம்.