அமெரிக்க அரசு அறிவிப்புகளில் மெட்ரிக் அலகுகள்: சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மைல், அடி, பவுண்டு ஆகியவையே அன்றாட வழக்கில் இருப்பதால், மெட்ரிக் முறைக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. மெட்ரிக் அலகுகளைப் பயன்படுத்துவது நாடு முழுவதும் சட்டப்படி செல்லும் என்றும், அந்த அலகுகளில் எழுதப்பட்டது என்பதற்காக எந்த ஒப்பந்தத்தையும் தள்ளிவிட முடியாது என்றும் 1866-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றிவிட்டது. 1875-இல் பாரிஸில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட 17 நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. 1959 முதல் ஒரு கஜம் என்பது சரியாக 0.9144 மீட்டர் என்றே வரையறுக்கப்பட்டிருப்பதால், அங்குலமும் மைலும்கூட மீட்டரின் மீதுதான் நிற்கின்றன.

அரசுத் துறைகளின் இன்றைய கடமை 1975-ஆம் ஆண்டின் மெட்ரிக் மாற்றச் சட்டத்திலிருந்து வருகிறது. முதலில் அது மாற்றத்தை விருப்பத்துக்கே விட்டிருந்தது. 1988-இல் செய்யப்பட்ட திருத்தம், அமெரிக்க வணிகத்துக்கு மெட்ரிக்கே உகந்த அளவை முறை என்று அறிவித்ததுடன், ஒவ்வொரு கூட்டாட்சித் துறையும் தன் கொள்முதல், மானியம், வணிகம் சார்ந்த பிற பணிகள் ஆகியவற்றில், பொருளாதார அளவில் இயன்ற வரை, 1992 நிதியாண்டின் முடிவுக்குள் அதைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. நடைமுறைக்கு ஒவ்வாத இடங்களும், அமெரிக்க நிறுவனங்கள் சந்தையை இழக்கக்கூடிய இடங்களும் இதற்கு விலக்கு.

பொதுமக்களுக்கான எழுத்தைப் பொறுத்தவரை முக்கியமானது, 1991 ஜூலை 25 அன்று அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் பிறப்பித்த 12770-ஆம் எண் நிர்வாக ஆணை. அரசு வெளியீடுகள் வழக்கமான காலத்தில் திருத்தப்படும்போதோ புதிதாக உருவாக்கப்படும்போதோ மெட்ரிக் அலகுகளுக்கு மாற வேண்டும் என்று அது துறைகளுக்குப் பணிக்கிறது. ஆனால் வணிகம் சாராத செயல்களில் பழைய அலகுகள் தொடரலாம் என்று சட்டமே அனுமதிப்பதாலும், கடைப்பிடிக்காத துறைக்குத் தண்டனை எதையும் அது விதிக்காததாலும், செய்தியாளர் சந்திப்பு, பத்திரிகைக் குறிப்பு போன்றவை பெரும்பாலும் மைலிலும் அடியிலுமே நின்றுவிடுகின்றன. விலக்கு விதியாகிவிட்டது என்பதே என் கருத்து.

ராணுவத்தில் இந்த இடைவெளி இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை பிரெஞ்சு 75 மி.மீ., 155 மி.மீ. பீரங்கிகளை எடுத்துக்கொண்டு போரிட்டது. பின்னர் நேட்டோ நாடுகளின் துப்பாக்கிகளுக்கு 7.62 மி.மீ., 5.56 மி.மீ. தோட்டாக்கள் பொதுவாயின. படையினரின் நிலவரைபடக் கட்டங்களும் மீட்டரிலேயே அமைந்தவை: நான்கு இலக்கக் குறியீடு ஒரு கிலோமீட்டர்ச் சதுரத்தையும், ஆறு இலக்கம் 100 மீட்டர்ச் சதுரத்தையும், எட்டு இலக்கம் 10 மீட்டர்ச் சதுரத்தையும் காட்டும். களத்தில் கிலோமீட்டரில் அறிக்கை தரும் அதே படை, மக்களிடம் பேசும்போது மைலுக்கு மாறுவதற்குச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. கடற்படையின் கடல் மைலும் (1,852 மீட்டர்) விமானிகளின் உயர அடியும் பன்னாட்டு நடைமுறையில் ஏற்கப்பட்டவை என்பதால், அவற்றை இக்குறையோடு சேர்க்கக் கூடாது.

அலகு மாறும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. 1999-இல் செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்ததற்குக் காரணம், நாசா நியூட்டன்-விநாடியில் எதிர்பார்த்த உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு-விநாடியில் தந்ததே. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. அறிவிப்புகளில் நிகழ்வது வேறு வகைப் பிழை. 'சுமார் 300 மீட்டர்' என்ற களத் தகவல் '984 அடி' என்று வெளிவந்தால், அளக்கப்படாத துல்லியம் ஒன்று அதில் ஏறிவிடுகிறது. 'சுமார் 300 மீட்டர் (1,000 அடி)' என்று எழுதுவதே நேர்மையானது.

இதற்கு அமெரிக்க அரசுக்குள்ளேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தேசியச் சூறாவளி மையத்தின் பொது எச்சரிக்கைகள் காற்றின் வேகத்தை மணிக்கு 75 மைல், 120 கிலோமீட்டர் என்று இரு அலகுகளிலும், முழுமையாக்கிய எண்களில் தருகின்றன. ஒரே புயல் பல நாடுகளின் கரையைத் தொடக்கூடும் என்பதால் அங்கே அது அவசியமாகிறது; கூட்டுப் படைகளின் அறிவிப்புக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அரசு ஒப்பந்தப்புள்ளிக்கு விண்ணப்பிப்பவர்கள், ஆவணம் எந்த அலகைக் கேட்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தெளிவாக இல்லையெனில், விளக்கத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெற்ற பிறகே அளவுகளை நிரப்புவது நல்லது.