முட்டியில் வலி, கணுக்காலும் இடுப்பும் சரியா?

வாலிபாலில் எகிறி ஸ்மாஷ் அடிப்பவர்களுக்கு முட்டிச் சில்லின் கீழ்நுனியில், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரு வலி வரும். ஆடத் தொடங்கும்போது குத்தும், உடல் சூடானதும் மறையும், மறுநாள் படி இறங்கும்போது திரும்பும். முட்டிச் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாணில் (டெண்டன்) வரும் 'ஜம்பர்ஸ் நீ' இதுதான். நார்வேயின் முன்னணி வீரர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், வாலிபால் ஆடுபவர்களில் சுமார் 45 விழுக்காட்டினருக்கு இது இருந்தது.

முட்டியில் ஐஸ் வைத்து, பெல்ட் கட்டி, அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் தரையிறங்கும்போது அதிர்வை முதலில் வாங்க வேண்டியது கணுக்கால். பழைய சுளுக்கால் அது இறுகியிருந்தால் கால் முன்னே சாயாது. ஆடுசதை வாங்காத பளு முட்டித் தசைநாணில் விழும்.

சோதிப்பது எளிது. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அதிகபட்சத் தூரத்தில் கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளி எவ்வளவு? 10 செ.மீ.க்குக் குறைந்தாலோ, இரு கால்களுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கவனிக்க வேண்டும். முட்டி இரண்டாம் விரலுக்கு நேராகப் போகட்டும். உள்பக்கம் சரிந்தால் பாதவளைவும் தட்டையாகி, அளவு பொய்யாகக் கூடும். ஆடுசதை இழுத்தால் முட்டியை மடக்கி நீட்சிப் பயிற்சி செய்யலாம். கணுக்காலின் முன்பக்கம் நெருக்கினால் இறுக்கம் மூட்டில். நீட்சி மட்டும் உதவாது, பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும்.

அடுத்தது இடுப்பு. நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக இறங்கினால் முழுச்சுமையும் முன்தொடைக்கு, அதன் வழியாகத் தசைநாணுக்கு. இடுப்பைப் பின்தள்ளி, உடலைச் சற்று முன்சாய்த்து இறங்கினால் பிட்டத் தசை பங்கெடுக்கும். 30 செ.மீ. மேடையிலிருந்து இறங்குவதைப் பக்கவாட்டில் மொபைலில் எடுத்துப் பாருங்கள். 'தொப்'பென்ற சத்தமே பாதி விடை சொல்லிவிடும்.

இவற்றைத் திருத்தினால் மட்டும் தசைநாண் தேறாது. அதற்கே பளு கொடுக்க வேண்டும். முதலில் லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் (உட்கார்ந்து கீழ்க்காலால் எடையைத் தூக்கும் ஜிம் கருவி) முட்டியை 60 பாகையில் மடக்கி, எடையைத் தாங்கியபடி அசையாமல் 45 விநாடி, 5 முறை, நடுவே 2 நிமிட ஓய்வு. வலி தணிந்தபின் வாரம் 3 நாள், கனமான எடையில் மெதுவான ஸ்குவாட்: 4 செட், 15 எண்ணிக்கையில் தொடங்கி 12 வாரத்தில் எடையைக் கூட்டி 6க்கு வரலாம். பத்துக்கு 3 வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலை கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். மாதக்கணக்கில் ஓய்வெடுத்துவிட்டு நேராகக் களமிறங்குவதுதான் பெரும் தவறு. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். ஆனால் தசைநாணை வலுவிழக்கச் செய்யக்கூடும்.

வளரும் பிள்ளைகளுக்கு வலி முட்டிக்குக் கீழே புடைத்த எலும்பில் இருந்தால் அது வேறு நோய். குதிக்கும்போது 'டப்'பென்று சத்தம் கேட்டு காலை நீட்டவே முடியாவிட்டால், அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.