அறை பிடித்தால் வழக்கு நடந்துவிடாது: சர்வதேச நடுவர் மையங்களுக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“இந்த ஒப்பந்தத்தில் எழும் பிணக்குகள் அனைத்தும் சிங்கப்பூரிலுள்ள சர்வதேச நடுவர் மையத்தில் தீர்க்கப்படும்.” பெரிய தொகைக்கான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒற்றை வரி கிடக்கிறது. சண்டை வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனிப்பட்ட நடுவர்களிடம் அதை ஒப்படைக்கும் வரி இது. விலை, தரம், தாமத அபராதம் என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள், இந்த ஷரத்துக்கு வரும்போது மட்டும் பழைய கோப்பைத் திறந்து வெட்டி ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். யாருடைய விதிகள், எத்தனை நடுவர்கள், எந்த நாட்டு நடுவர் சட்டம், எந்த மொழி? ஒன்றுமே இல்லை. சண்டை வந்தபின் அந்த வரிக்குப் பொருள் காணவே தனியாக ஒரு சண்டை நடக்கிறது. அடுத்தடுத்து இதையே பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

முதலில், எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் விஷயம். விசாரணை நடக்கும் கட்டடம் ஒன்று. வழக்கை நிர்வகிக்கும் அமைப்பு இன்னொன்று. வழக்கின் சட்ட இருக்கை, அதாவது நாங்கள் ‘சீட்’ என்று சொல்வது, மூன்றாவது. தீர்ப்பு எழுதும் நடுவர்கள் இந்த மூன்றிலும் சேராதவர்கள். சிங்கப்பூரின் மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் 2010இல் திறக்கப்பட்ட விசாரணை வளாகம். அறை தரும், வசதி தரும், வழக்கைப் பதிவு செய்யாது. வழக்கைப் பதிந்து நடத்துவது சியாக், அதாவது சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையம், போன்ற அமைப்பு. அதுவும் தீர்ப்பு எழுதாது. பாரிஸிலுள்ள ஐசிசி (சர்வதேச வணிகச் சபை) அமைப்பின் நடுவர் பிரிவுக்குப் பெயரே ‘சர்வதேச நடுவர் நீதிமன்றம்’. 1923 முதல் இருக்கிறது. பெயரில் நீதிமன்றம் இருப்பதால் அங்கே நீதிபதி உட்கார்ந்து வழக்கைக் கேட்பார் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. கேட்க மாட்டார். அந்தப் பிரிவு நடுவர்களை நியமிக்கும், பணத்தை வைத்திருக்கும், தீர்ப்பின் வரைவைச் சரிபார்க்கும். இவைபோன்றவைதான் அதன் வேலை. (1899இல் உருவான நிரந்தர நடுவர் நீதிமன்றமும் சர்வதேச நீதிமன்றமும் ஹேக் நகரின் அமைதி மாளிகையில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று எழுதாத செய்தி அபூர்வம்.)

இருக்கை என்பது நாற்காலி போடும் இடமில்லை. எந்த நாட்டு நடுவர் சட்டம் இந்த வழக்கைக் கட்டுப்படுத்தும், தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி எந்த நாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஐசிசியின் 2021 விதிகளில் 18ஆம் பிரிவைப் படியுங்கள்: இருக்கை ஓர் ஊரில் இருக்க, விசாரணையை நடுவர்கள் வேறெந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம். 32ஆம் பிரிவு இன்னும் தெளிவு: தீர்ப்பு இருக்கையில் வழங்கப்பட்டதாகவே கருதப்படும், நடுவர் எங்கே உட்கார்ந்து கையெழுத்திட்டாலும் சரி. ஆகவே இருக்கை லண்டன், அமர்வு சிங்கப்பூரில், ஒரு சாட்சி காணொளியில் என்பதெல்லாம் அன்றாடம் நடப்பதுதான். “சிங்கப்பூரில் அறை எடுத்தோம், ஆகவே சிங்கப்பூர் நீதிமன்றம்தான்” என்று தயவுசெய்து வாதிடாதீர்கள்.

இதில் எவ்வளவு சிக்கல் வரும் என்பதற்கு 2019இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பிஎன்ஏ எதிர் பிஎன்பி வழக்கு ஒன்றே போதும். ஷரத்தில் சியாக்கின் பெயர் இருந்தது, அதன் விதிகள் இருந்தன, கூடவே ‘ஷாங்காயில் நடுவர் விசாரணை’ என்றும் இருந்தது. ஷாங்காய் வெறும் விசாரணை இடம், இருக்கை சிங்கப்பூர்தான் என்றது கீழ் நீதிமன்றம். இல்லை, ஷாங்காய்தான் இருக்கை என்றது மேல் நீதிமன்றம். அசல் தகராறு என்னவென்று பேசுவதற்கு முன்பே இத்தனையும். ‘இருக்கை’ என்ற சொல்லை ஷரத்தில் போட்டிருந்தால் இதில் பாதிக்கு வேலையே இல்லை.

ஒரு மையத்தின் பெயரையும் இன்னொரு மையத்தின் விதிகளையும் சேர்த்து ஒட்டுவது இதற்குச் சளைக்காத தவறு. சியாக் நிர்வகிக்கும், ஆனால் ஐசிசி விதிகளின்படி என்று எழுதப்பட்ட ஷரத்து இன்சிக்மா எதிர் ஆல்ஸ்டம் வழக்கில் 2009இல் சிங்கப்பூரில் பிழைத்துக்கொண்டது. அதைப் பார்த்துத் துணிந்துவிடாதீர்கள். 2012 விதிகளிலேயே, தன் விதிகளின் கீழ் வழக்கு நடத்தும் அதிகாரம் தனக்கு மட்டும்தான் என்று ஐசிசி எழுதி வைத்துவிட்டது. மையமே இல்லாமல் போவதும் உண்டு. துபாயில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் ஆணை, டிஐஎஃப்சி-எல்சிஐஏ என்ற மையத்தை மூடி அதன் இடத்தில் டயாக்கை, அதாவது துபாய் சர்வதேச நடுவர் மையத்தை, வைத்தது. அந்தப் பழைய பெயரைத் தாங்கிய ஒப்பந்தங்கள் கோப்புகளில் இன்னும் இருக்கின்றன. உங்களுடையதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. ஒவ்வொரு மையமும் மாதிரி ஷரத்தைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதை வார்த்தை மாற்றாமல் எடுங்கள். இருக்கை, நடுவர் எண்ணிக்கை, மொழி, ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் ஆகியவற்றுக்கு அதில் காலியிடம் இருந்தால் நிரப்புங்கள், இல்லையென்றால் சேர்த்து எழுதுங்கள். எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் ஐசிசி விதிகளில் பொதுவாக ஒற்றை நடுவர், அன்சிட்ரால் (ஐ.நா. சர்வதேச வணிகச் சட்ட ஆணையம்) விதிகளில் மூவர். மூவர் என்றால் மூன்று பேருக்கான கட்டணம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சிறிய தொகைக்கு மூவரை எழுதிவைத்துவிட்டுப் பிறகு செலவைப் பார்த்து அலறுவதில் பயனில்லை.

பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஐசிசியின் 2021 விதிகளின்படி வழக்கைத் தாக்கல் செய்ய 5,000 அமெரிக்க டாலர், திரும்பக் கிடைக்காது. நடுவர் குழு அமைவதற்குள் அவசரத் தடை வேண்டுமென்றால் அவசரகால நடுவரைக் கேட்கலாம், அதற்கு 40,000 டாலர். அந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 10 நாட்களுக்குள் முதன்மை வழக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். கால நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அவசர நடவடிக்கை முடித்துவைக்கப்படும். பிறகு வருவது நடுவர் கட்டணத்துக்கும் நிர்வாகச் செலவுக்குமான முன்வைப்புத் தொகை. இரு தரப்பும் பாதிப் பாதி கட்ட வேண்டும். எதிர்த்தரப்பு கட்டாமல் கையை விரிப்பது சர்வ சாதாரணம். அப்போது அவர்கள் பங்கையும் நீங்களே கட்டினால்தான் வழக்கு நகரும்; தீர்ப்பில் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். யாருமே கட்டாவிட்டால் 15 நாளுக்குக் குறையாத கெடு கொடுப்பார்கள், அதையும் தவறவிட்டால் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். “அவன் கட்டட்டும், நாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கட்டண நினைவூட்டல் மின்னஞ்சலைக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு மறப்பதும் வேண்டாம்.

இனி விசாரணை அறை. ஒரு கூடம் மட்டும் பிடித்துவிட்டு வருகிறவர்களுக்கு: குறைந்தது நான்கு அறை வேண்டும். விசாரணைக் கூடம், தரப்புக்கு ஒன்றாக இரண்டு ஓய்வறைகள், நடுவர்களுக்குத் தனி அறை. சாட்சிகளை ஒருவர் சாட்சியத்தை இன்னொருவர் கேட்காதபடி வைக்க நடுவர்கள் உத்தரவிட்டால் ஐந்தாவதும் தேவை. ஓய்வறையில் பேசுவது பக்கத்து அறையில் கேட்கிறதா என்று முன்தினமே போய்ப் பாருங்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பிரிண்டர் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாலை நேரத்துக்கும் வார இறுதிக்கும் தனிக் கட்டணமா, தேதி தள்ளிப்போனால் எத்தனை நாள் முன்பு சொன்னால் பணம் திரும்பும் என்பதைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். நடுவில் சமரசமாகிவிடும் வழக்குகள் நிறைய. அறைக்கான பணம் அப்போதுதான் கையைக் கடிக்கும்.

மொழிபெயர்ப்பு என்றாலே எல்லோரும் ஏமாறுகிறார்கள். மையத்தில் மொழிபெயர்ப்பாளர் தயாராக உட்கார்ந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து அமர்த்துவதுதான். உடனுக்குடன் பெயர்ப்பதென்றால் ஒலிபுகாச் சாவடி வேண்டும். அதில் ஒரு மொழி இணைக்கு இருவர் அமர்ந்து அரை மணிக்கொருமுறை மாறி மாறிப் பேச வேண்டும். ஒருவரை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் மதியத்துக்குள் அவர் மூளை நின்றுவிடும். சாட்சி சொல்லி முடித்தபின் பெயர்ப்பதென்றால் ஏறத்தாழ இரட்டை நேரம் பிடிக்கும். தரப்புகளுக்கு மணிக்கணக்கில் நேரம் பங்கிடப்பட்டிருக்கும்போது அந்தக் கூடுதல் நேரம் யார் கணக்கில் என்று முதல் நாளே முடிவாக வேண்டும். எழுத்துப்பதிவாளர் பதிவது மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்து வருவதை. சாட்சியின் வாயிலிருந்து வருவதை அல்ல. ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று சாட்சி மறுக்கும்போது மூலமொழி ஒலிப்பதிவு இல்லையென்றால் சரிபார்க்க வழியே கிடையாது. இரண்டு தடத்திலும் ஒலி பதிவாகிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைச் சொற்களின் பட்டியலை ஒரு வாரம் முன்பாவது மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள். பலர் கொடுப்பதில்லை. பிறகு அவர் தடுமாறுகிறார் என்று குறை சொல்கிறார்கள்.

காணொளிச் சாட்சி என்றால் சாட்சியின் முகத்தோடு அறை முழுவதும் தெரிய இன்னொரு கேமரா, அவர் முன் எந்தத் தாளும் இல்லாத மேசை, அதே இணைப்பில் முன்கூட்டியே ஒரு ஒத்திகை. ஒத்திகையை வேறு அறையில் வேறு மடிக்கணினியில் செய்வது ஒத்திகை ஆகாது. வைஃபையை நம்பாமல் கம்பி இணைப்பு கேளுங்கள், இரண்டாவது இணைப்பும் இருக்கட்டும். மின்னணு ஆவணத் தொகுப்பின் பக்க எண்ணும் அச்சிட்டதன் பக்க எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கு விசாரணை இந்தச் சின்ன விஷயத்தில்தான் அடிக்கடி நின்றுபோகிறது.

தீர்ப்பு வந்ததும் எல்லோரும் கோப்பை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேறு நாட்டில் அதை நிறைவேற்ற வேண்டுமென்றால் 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, தீர்ப்பின் மூலப் பிரதியோ முறையாகச் சான்றளிக்கப்பட்ட நகலோ கேட்கிறது. நடுவர் ஒப்பந்தத்துக்கும் அதே நிபந்தனை. நீதிமன்றத்தின் மொழி வேறாக இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப் மட்டும் போதும் என்று நம்பி இருக்காதீர்கள். எத்தனை நாட்டில் எதிர்த்தரப்பின் சொத்து இருக்கிறதோ அத்தனை சான்றளித்த நகலை, தீர்ப்பு வந்த வாரத்திலேயே மையத்தின் செயலகத்திடம் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். வழக்கைக் கையாண்ட அலுவலர் மாறிப்போன பிறகு கேட்டால் அதற்கும் சில வாரம் போகும். எதிர்த்தரப்பின் வங்கிக் கணக்கு காலியாக அந்தச் சில வாரம் போதும்.